இரும்புக் குதிரைக்கு ஏற்ற கடிவாளம்



பாண்டியர் காலத்தில் நம் காயல் துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் விலை மிக்கது குதிரை. ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து அரபுக் குதிரைகள் கப்பலேறி இக்கரைக்கு வந்தன. அந்த வணிகத்தில் பெரும்பங்கு வகித்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் விளங்கியவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியை வியப்புடன் எழுதி வைத்திருக்கிறார். மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறாராம். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லையாம். லாடம் அடிக்கவும், நோய்க்கு மருந்திடவும், முறையாகத் தீனியிடவும் அறிந்தவர்கள் இங்கே இல்லை என்பதே அதற்கு அவர் கூறும் காரணம்.

பெரும் பொருள் கொடுத்து ஆற்றலை வாங்கினார்கள். அதைப் பேணும் அறிவை உடன் வாங்கவில்லை. ஏழு நூற்றாண்டுகள் கடந்த பின்பும் இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. இன்று குதிரை மாறிவிட்டது, குதிரைசக்தி வந்திருக்கிறது. பழைய, ஆற்றல் மிக்க கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்னும் ஆசை நம் இளைஞர் பலரிடம் வளர்ந்து வருகிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் அங்குள்ள சாலைகளில் பெரிய அமெரிக்க வண்டிகளைக் கண்டு பழகியவர்கள். ‘எந்த எஞ்சின்?’ என்பதைப் பற்றி அவர்கள் இரவு முழுவதும் பேசுவார்கள். ‘எந்த கியர்பாக்ஸ்?’ என்னும் கேள்வி கடைசியில்தான் வருகிறது. உண்மையில் அதுவே முதலில் வர வேண்டிய கேள்வி. அதனால்தான் இம்மாதப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினேன்.

எவை இந்த வண்டிகள்?

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள தன் கார் ஒன்றில் பெரிய காருக்குரிய 6.4 லிட்டர் வி-8 எஞ்சினைப் பொருத்தி, ஜி.டி.ஓ. என்னும் பெயரில் விற்றது. 325 குதிரைசக்தி. ‘மசில் கார்’ என்று பின்னாளில் அழைக்கப்பட்ட வகைக்கு அதுவே முன்னோடி என்பர். செவ்ரோலே, ஃபோர்டு, பிளைமவுத், டாட்ஜ் ஆகியனவும் அவ்வழியே சென்றன. சாதாரண உடல், அசாதாரண எஞ்சின் என்பதே அவற்றின் இலக்கணம்.

நம் நாட்டில் அந்தத் தோற்றத்திற்கு மிக அருகில் வந்தது கான்டெஸா. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை அதைத் தயாரித்தது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடல் அது. தொடக்கத்தில் அதற்குள் இருந்ததோ அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைசக்தி. சிங்கத்தின் உடலில் ஆட்டின் உயிர்! பின்னர் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும், அதனோடு ஐந்து கியர்கள் கொண்ட கியர்பாக்ஸும் வந்த பிறகே அந்த உடலுக்கு ஓரளவு பொருத்தமான உயிர் கிடைத்தது.

நம் தமிழகமும் இதே பாடத்தைக் கற்றது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் காரை வெளியிட்டது. பிரிட்டனின் ரோவர் காருடைய உடல் அது. தன் நாட்டில் 3.5 லிட்டர் வி-8 எஞ்சினையும் தாங்கிய அந்த உடலுக்கு, இங்கே பழைய வான்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சினே கிடைத்தது. விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் செலவு மிகுதி. 1988ஆம் ஆண்டுக்குள் அதன் கதை முடிந்தது. உறுப்புகள் தனித்தனியே நல்லவையாக இருந்தும், ஒன்றோடொன்று ஒவ்வாததால் முழுமை கெட்டதற்கு அது நல்ல சான்று.

கியர்பாக்ஸ் செய்யும் வேலை என்ன?

உப்பளத்திலிருந்து பாரம் ஏற்றிப் புறப்படும் லாரியைக் கவனியுங்கள். ஓட்டுநர் எடுத்த எடுப்பில் டாப் கியரில் போட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். முதல் கியரில் எஞ்சின் பல சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைகிறது, இழுக்கும் வலு பெருகுகிறது. வண்டி ஓடத் தொடங்கியபின் வலு குறைவாகவும் வேகம் மிகுதியாகவும் வேண்டும். அதனால் கியர் மாற்றுகிறார். வலுவை வேகமாகவும், வேகத்தை வலுவாகவும் பண்டமாற்றுச் செய்யும் தரகரே கியர்பாக்ஸ். ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, எஞ்சின் தரும் வலுவை அது தாங்குமா? இரண்டு, அதன் பல்சக்கர விகிதங்கள் நம் பயன்பாட்டிற்குப் பொருந்துமா?

தாங்கும் வலிமை

குதிரைசக்தி என்னும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பல்சக்கரத்தை முறிப்பது முறுக்கு விசையே. திருகுக் குறடால் போல்ட்டைத் திருப்பும்போது கை உணரும் விசை அது. கிலோகிராம்-மீட்டர் என்னும் அளவில் அதைக் கூறுவர். பிளைமவுத், டாட்ஜ் கார்களில் 1966 முதல் வந்த புகழ்பெற்ற 426 ஹெமி எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 68 கிலோகிராம்-மீட்டர். 1970ஆம் ஆண்டுச் செவ்ரோலேயின் 454 எஞ்சின் ஏறத்தாழ 69. இனி கியர்பாக்ஸ்களைப் பாருங்கள். 1980களில் மஸ்டாங் கார்களில் பரவலாக வந்த ஐந்து கியர் டி-5, 1990க்குப் பிந்திய வடிவிலும் ஏறத்தாழ 41 கிலோகிராம்-மீட்டருக்கே உறுதியளிக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை ஹெமி எஞ்சினோடு பூட்டினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழைய பெரிய எஞ்சின்களுக்காகவே, மெக்சிகோவில் தோன்றிய டிரெமெக் நிறுவனம் 2020இல் டி.கே.எக்ஸ். என்னும் ஐந்து கியர் பெட்டியை வெளியிட்டது. அதன் உறுதியளவு ஏறத்தாழ 83 கிலோகிராம்-மீட்டர். அதே நிறுவனத்தின் ஆறு கியர் கொண்ட டி-56 மேக்னம் ஏறத்தாழ 97 வரை தாங்கும். இன்று மசில் கார் வைத்திருப்போர் பெரும்பாலும் இவ்விரண்டுக்குள் ஒன்றையே நாடுகின்றனர்.

தயாரிப்பாளரே எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பது நல்ல வழிகாட்டி. டொயோட்டா நிறுவனம் 1993இல் வெளியிட்ட சூப்ரா காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கார், ஒரே மூன்று லிட்டர் எஞ்சின் குடும்பம். டர்போ இல்லாத 220 குதிரைசக்தி எஞ்சினுக்கு டபிள்யூ-58 என்னும் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினார்கள். இரட்டை டர்போ கொண்ட, அமெரிக்காவில் 320 குதிரைசக்தி எனக் குறிக்கப்பட்ட எஞ்சினுக்கோ ஜெர்மனியின் கெட்ராக் நிறுவனத்தின் வி-160 என்னும் ஆறு கியர் பெட்டியை வரவழைத்தார்கள். தன் தயாரிப்பே கையில் இருந்தும், தாங்காது எனக் கண்ட இடத்தில் பிறரிடம் சென்றார்கள். கான்டெஸாவில் இந்த ஜப்பானிய எஞ்சின்களைப் பொருத்த முற்படுவோர் இதை மனத்தில் இருத்த வேண்டும். எஞ்சின் கிடைத்துவிட்டது, கியர்பாக்ஸைக் கிடைத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது முறையன்று.

வலிமைக்கும் ஒரு விலை உண்டு. 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த மன்சி வகை நான்கு கியர் பெட்டிகளுள் எம்-22 மிக உறுதியானது. அதன் பற்களைச் சாய்வு குறைத்து, நேராக வெட்டியிருந்தார்கள். அதனால் பக்கவாட்டுத் தள்ளல் குறைந்தது, சூடும் குறைந்தது. ஆனால் ஓடும்போது கல்லுடைக்கும் இயந்திரம் போல இரைச்சலிட்டது. ‘பாறை நொறுக்கி’ என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பந்தயத் திடலுக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு திருச்செந்தூர் சாலையில் செல்வோருக்கு அது தலைவலி.

கயிறும் கல்லும்

நம் கடலில் முத்துக்குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது. கல்லைக் காலில் பிணைத்து ஒருவர் மூழ்குவார். படகில் ஒருவர் கயிறு பிடிப்பார். கயிறு பிடிக்க மைத்துனனையே நம்புவர் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. மூழ்குபவரின் மூச்சு, கல்லின் எடை, கயிற்றின் உறுதி, பிடிப்பவரின் கவனம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்க வேண்டும். மூன்று சிறப்பாக இருந்து ஒன்று தளர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து.

வண்டியும் அத்தகைய சங்கிலியே. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில், டயர், பிரேக் என்று கண்ணிகள் தொடர்கின்றன. ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் முறிவு அடுத்த பலவீனமான கண்ணிக்கு இடம் மாறும், அவ்வளவே. கிரைஸ்லர் நிறுவனத்தார் இதை அறிந்திருந்தார்கள். ஹெமி எஞ்சினுக்கு நான்கு கியர் பெட்டியைக் கொடுத்தபோது, பின்னால் சரக்கு வண்டிகளில் பயன்படும் டானா-60 என்னும் கனத்த ஆக்சிலையும் சேர்த்தே கொடுத்தார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சினில் 68, முதல் கியர் விகிதம் 2.65, ஆக்சில் விகிதம் 3.54. மூன்றையும் பெருக்கினால் பின் ஆக்சிலுக்குச் செல்வது ஏறத்தாழ 638 கிலோகிராம்-மீட்டர். 50 குதிரைசக்திக்காக வடித்த ஆக்சில் இதற்கு முன் நிற்குமா?

விகிதம் என்னும் கணக்கு

இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஐந்து கியர் நல்லதா, ஆறு கியர் நல்லதா என்று கேட்பவர் பலர். எண்ணிக்கையில் சிறப்பில்லை, விகிதத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய இரண்டு கணக்குகள் போதும்.

முதற்கணக்கு, புறப்பாடு. முதல் கியரின் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்குங்கள். சாலையில் ஓடும் வலிமையான காருக்கு விடை ஏறத்தாழ பத்து என வந்தால் நலம் என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் அளவு. முதல் கியர் 2.87, ஆக்சில் 3.55 எனில் விடை 10.2, பொருத்தம். முதல் கியர் 3.27, ஆக்சில் 4.10 எனில் 13.4. அத்தகைய வண்டி புறப்பட்டதும் டயர் வழுக்கும். கண் இமைப்பதற்குள் இரண்டாம் கியர் போட வேண்டியிருக்கும். மன்சி வகையில் எம்-21இன் முதல் கியர் 2.20 மட்டுமே. அதோடு 3.08 ஆக்சில் சேர்ந்தால் 6.8 ஆகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சைத் தேய்த்துத்தான் வண்டியை நகர்த்த முடியும். அதே பெட்டியை 4.10 ஆக்சிலோடு சேர்த்தால் 9.0 ஆகிறது. பெட்டி குறையுடையதன்று, துணை சரியில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டாம் கணக்கு, நெடுஞ்சாலை. சக்கரம் ஒரு சுற்றில் 2 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 833 முறை சுற்றும். பழைய நான்கு கியர் பெட்டிகளின் டாப் கியர் விகிதம் 1.00. ஆக்சில் 4.10 எனில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,400 சுற்றுச் சுற்ற வேண்டும். மதுரை சென்று சேர்வதற்குள் காது அடைத்துவிடும், பெட்ரோலும் தீர்ந்துவிடும். ஓவர்டிரைவ் எனப்படும் 0.68 விகித ஐந்தாம் கியர் இருந்தால், அதே வேகத்தில் எஞ்சின் 2,300 சுற்றுகளில் அமைதியாக ஓடும். பழைய வண்டிக்குப் புதிய கியர்பாக்ஸ் தேடுவோரின் தலையாய தேவை பெரும்பாலும் இதுவே. ஆறாம் கியர் 0.50 வரை இறங்குவதும் உண்டு. நம் சாலைகளில் அது கைக்குச் சிக்கும் வாய்ப்பு குறைவு. பயன்படாத கியருக்குப் பணம் கொடுப்பது வீண்விரயம் அன்றோ?

முன்னாளில் பிளைமவுத், டாட்ஜ் கார்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்ப்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்தி டாக்சியாக ஓட்டியதுண்டு. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே ஓடக்கூடியது. கியரும் ஆக்சிலும் மாறாவிட்டால் வண்டி சிறிது வேகத்திலேயே உச்சத்தை எட்டிக் கதறும். எஞ்சினை மாற்றுவோர் விகிதத்தையும் மறு கணக்குப் போட வேண்டும் என்பதை அந்த டாக்சிகள் கற்றுத் தந்தன.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

நல்ல பெட்டியை வாங்கியும் பொருத்துவதில் தவறினால் பயனில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் நடுமையம் பிசகாமல் அமைய வேண்டும். அனுமதிக்கப்படும் பிசகு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒன்று. டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணால் பார்த்து முடுக்கினால், புதிய பெட்டியின் பேரிங்கும் ஷாஃப்டும் விரைவில் கெடும்.

எண்ணெயில் நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்த கியர்பாக்ஸ் ஆனாலும் ஆக்சிலுக்கு ஊற்றும் 90 நம்பர் எண்ணெயையே ஊற்றிவிடுவர். ஆக்சிலுக்கென வரும் ஜி.எல்-5 வகை எண்ணெயிலுள்ள கந்தகக் கலவை, பழைய பெட்டிகளின் பித்தளைச் சின்க்ரோ வளையங்களை அரித்துவிடும். டிரெமெக் டி.கே.எக்ஸ். பெட்டிக்கோ ஆட்டோமேடிக் கியருக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயே உரியது. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைத் தவிர வேறொன்றை ஏற்காதீர்கள்.

அடுத்தது உயிர்க் காப்பு. மிகுந்த சுற்றில் ஓடும் எஞ்சினில் பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் வெடித்துச் சிதறினால், அதன் துண்டுகள் நேரே ஓட்டுபவரின் கால்களை நோக்கி வரும். அமெரிக்கப் பந்தயத் திடல்களில் இத்தகைய விபத்துகள் நிகழ்ந்த பின்பே எஃகு ஃபிளைவீலும், சிதறலைத் தடுக்கும் எஃகு பெல் ஹவுசிங்கும் அங்கே கட்டாயமாயின. கியர்பாக்ஸுக்குப் பணம் இருக்கிறது, இதற்கு இல்லை என்பவர் அந்த வண்டியை ஓட்டாதிருப்பதே நன்று.

சட்டமும் சொத்தும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாகப் பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எஞ்சினை மாற்றுவதாயின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி முன்னதாகவே வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக் கூடும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தனிப் பதிவு உண்டு. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாது மூல வடிவில் பேணப்பட்டவற்றுக்கே அது கிட்டும். முதல் கான்டெஸாவுக்கு அந்தத் தகுதி 2034இல்தான் வரும். இன்று தரையை வெட்டிப் பெரிய பெட்டியைப் புகுத்துபவர், அந்நாளில் தம் வண்டியின் நிலை என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். மாற்றியே ஆக வேண்டுமெனில், கழற்றிய பழைய கியர்பாக்ஸைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். பின்னொரு நாள் வண்டியின் மதிப்பைக் காப்பது அதுவாக இருக்கலாம்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

தூத்துக்குடியை அடுத்த சிலாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்து மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் கார்களில் கிளட்சும் இல்லை. கைக்கு கியர் கம்பியும் இல்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு கியர் மாற்றும் கலையே தெரியாமல் போகலாம். அந்த வகையில், பழைய வண்டியொன்றைக் கையால் கியர் போட்டு ஓட்ட விரும்பும் இளைஞனின் ஆசையைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. கணக்கும், பொறுமையும், பொருள்களின் இயல்பை அறியும் அறிவும் அதில் வளரும்.

ஆகவே பிள்ளை இப்படியொரு ஆசையோடு வந்து நின்றால், வாப்பாமார்களே, உடனே சினந்து எழவும் வேண்டாம். உடனே பணத்தை எடுத்து நீட்டவும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து அவனிடம் கொடுங்கள். வண்டியை எங்கே, எப்படி ஓட்டப் போகிறாய்? எஞ்சினின் முறுக்கு விசை எவ்வளவு? பெட்டி எவ்வளவு தாங்கும்? முதல் கியரையும் ஆக்சிலையும் பெருக்கினால் என்ன வருகிறது? நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று? ஆக்சிலும் பிரேக்கும் ஈடுகொடுக்குமா? ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறார்? இந்த ஏழு கேள்விகளுக்கும் அவன் விடை எழுதி வரட்டும்.

எழுதி வந்தால் அவனுக்கு வண்டியைப் பேணும் அறிவு வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். இயன்றதைக் கொடுத்து உதவுங்கள். எழுத இயலாவிட்டால், அவன் கேட்பது இன்னும் லாடம் அடிக்கத் தெரியாத குதிரைதான். கற்றுக்கொண்டு வரும்வரை அது துறைமுகத்திலேயே நிற்கட்டும்.